காயும் ஆட்டக்காரரும்

கடந்த ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அட்டன் பகுதியிலே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலை எது, வானம் எது என்று தெரியாது. வெளியே இறங்க வழியில்லை. என் வீட்டு முன்னறையில் நால்வர் கூடியிருந்தோம். கணிதம் கற்பிக்கும் நண்பர், விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர், கொத்மலைக் கிராமமொன்றிலிருந்து வந்து அயற் பாடசாலையிற் கற்பிக்கும் சிங்கள நண்பர், நான். எங்கள் நடுவே மேசைமீது ஒரு கடல் விரிந்து கிடந்தது.

விஞ்ஞான ஆசிரியரின் தமையனார் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கென வாங்கி வந்த பலகை விளையாட்டு அது. தடித்த அட்டையிலே நீலக் கடல், மூலைகளிலே துறைமுகங்கள், நடுவிலே புதையல் தீவு. ஆளுக்கொரு கொள்ளைக் கப்பல். பொற்கட்டி, முத்து, மதுப்பீப்பாய் எல்லாம் விரல்நுனி அளவிலே செய்து வைத்திருந்தார்கள். கப்பலை நகர்த்துவதற்கு மாலுமிச் சீட்டுகள் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எண்; அவ்வெண்களின் கூட்டுத்தொகையே கப்பலின் வேகமும் வலிமையும். எதிர்ப்பட்ட கப்பலை வென்றால் அதன் புதையலை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவனிடம் புதையல் இல்லையாயின் இரண்டு மாலுமிகளைக் கொடுத்துவிட வேண்டும்.

பாடசாலையிலே மாணவருக்கு ஒழுக்கம் போதிக்கும் நாங்கள் நால்வரும் அன்று கூச்சலிட்டுக் கொள்ளையடித்தோம். கணித ஆசிரியர் என் கப்பலை மடக்கினார். என்னிடம் புதையல் இல்லை. எண் குறைந்த இரண்டு சீட்டுகளை நீட்டினேன். அவற்றைப் பார்த்துவிட்டு அவர், "இது ரெண்டும் அரைப்பேரு ஆளுங்க!" என்றார். எல்லோரும் வெடித்துச் சிரித்தோம்.

அடுப்படியிலிருந்து என் தாயாரின் குரல் கேட்டது: "யாருக்குப்பா அரப்பேரு போட்டாங்க?"

தோட்ட வாழ்வை அறியாத வாசகருக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பது வழக்கு. செக்றோலிற் பதியப்படுவது அந்தப் பேர்தான். குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் காலை முதல் மாலை வரை மலையில் நின்றவருக்கும் அரைப்பேர்தான் விழும். என் தாயார் கூடையை இறக்கிவைத்துப் பல ஆண்டுகளாகின்றன. கணித ஆசிரியரும் லயத்திலே பிறந்தவர்தாம். எங்களுக்கு வேடிக்கையாகிவிட்ட அந்தச் சொல், அடுப்படியிலிருந்த அவருக்கு இன்னும் வேடிக்கையாகவில்லை.

விளையாட்டு என்று விளக்கினோம். அவரும் சிரித்தார். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். "இதுல இருக்கவங்க ஆரு?" என்றார்.

"கப்பல்ல வேல செய்றவங்கம்மா," என்றார் கணித ஆசிரியர்.

"அவங்களுக்கு என்னா பங்கு?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். அதிலே மாலுமிக்குப் பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என் மனத்தை விட்டு நீங்கவில்லை. கொள்ளையை விளையாடிச் சிரிப்பது குற்றமா? குற்றமன்று எனின், அந்த விளையாட்டைக் குற்றமற்றதாக்குவது எது?

இரண்டு தரப்பினர் இதற்கு உடனே விடை கூறிவிடுவர். விளையாட்டே வீண், அது வினையாகும் என்பர் பழைமைவாதிகள். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்ததை அவர்கள் சான்றுகாட்டலாம். ஆனால் வள்ளுவர் கடிந்தது பொருளையும் பெயரையும் பணயம் வைக்கும் சூதினை. மழைநாளிலே நண்பர் கூடிச் சிரிப்பதையன்று. மறுதரப்பினர் நம்மவர்கள். ஏகாதிபத்தியத்தின் கொள்ளையைக் குழந்தைகளுக்கு இனிப்பாக்கித் தரும் பண்டம் இது, தூக்கி எறியுங்கள் என்பார்கள். அவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. காலமெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு சமூகத்திடம் சிரிப்பையும் பறிக்க நமக்கு உரிமை இல்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடிய மக்கள் நாம். வேடம் எது, வாழ்வு எது என்று பிரித்தறிய நமக்குத் தெரியும்.

ஆட்டத்தைக் குற்றமற்றதாக்குபவை மூன்று என எனக்குத் தோன்றுகிறது. ஆடுபவர் ஒவ்வொருவரும் தாமே விரும்பி வந்து அமர்கின்றனர். எல்லோரும் ஒரே நிலையிலிருந்து ஒரே விதியின்கீழ்த் தொடங்குகின்றனர். ஆட்டம் முடிந்ததும் பொன்னும் முத்தும் பெட்டிக்குத் திரும்புகின்றன. வென்றவனும் தோற்றவனும் ஒரே தேநீரைக் குடிக்கின்றனர். இம்மூன்றும் உள்ளவரை கொள்ளை என்பது அங்கே வெறும் பெயர். இம்மூன்றும் இல்லாத இடத்திலே, வாணிபம், ஆட்சி, ஒப்பந்தம் என்று எத்துணை கண்ணியமான பெயரைச் சூட்டினாலும் அது கொள்ளைதான்.

பெயர் சூட்டும் உரிமை வென்றவனிடம் இருப்பதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. கடலிடைப் பகைவரை ஒடுக்கி அவர்தம் காவன்மரமான கடம்பினை வெட்டிய சேரனைப் பதிற்றுப்பத்து புகழ்கிறது. அப்பகைவரைக் கடற்கொள்ளையர் எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். அவர்கள் தம்மை என்னவென்று அழைத்தனர் என்பதைக் கூறும் பாட்டு நம்மிடம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டிலே புனித அகுஸ்தீனார் எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூலில் ஒரு கதை வருகிறது. அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவன், சிறு கப்பலிலே செய்வதால் என்னைக் கள்வன் என்கிறார்கள், பெரும் படையோடு செய்வதால் உன்னைப் பேரரசன் என்கிறார்கள் என்ற கருத்துப்பட மறுமொழி கூறினானாம்.

நம் கடல்களிலும் இதுவே நடந்தது. பிரான்சிஸ் டிறேக் ஸ்பானியருக்குக் கொள்ளைக்காரன். எலிசபெத் அரசியாருக்கோ வீரன். 1580இல் அவன் கொள்ளைப் பொருளோடு திரும்பினான். 1581இல் வீரப்பட்டம் பெற்றான். அவன் கொணர்ந்த செல்வமே பிரித்தானியாவின் வெளிநாட்டு முதலீட்டுக்கு ஊற்று என்று 1930இல் எழுதியவர் பொதுவுடைமையாளர் எவருமல்லர், பொருளியலறிஞர் கெயின்ஸ். 1600இன் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரச பட்டயம் கிடைத்தது. அதே 1600இல், மலபார்க் கரையிலே போர்த்துக்கேயரை எதிர்த்துக் கடற்போர் நடத்திய நான்காம் குஞ்ஞாலி மரைக்காரைக் கடற்கொள்ளையன் என்று கூறி, கோவாவிலே போர்த்துக்கேயர் தலை துணித்தனர். ஓராண்டிலே ஒருவனுக்குக் கொலைமேடை, மற்றொருவனுக்குப் பட்டயம்!

எனினும் கொள்ளையனை ஏழைகளின் தோழனாக்கிப் பாடவும் நான் அணியமாக இல்லை. கரிபியக் கடற்கொள்ளையரோடு மருத்துவனாகச் சென்ற எஸ்கெமெலின் என்பவன் 1678இல் வெளியிட்ட நூல் அவர்களுடைய உடன்படிக்கையை விவரிக்கிறது. புறப்படுமுன் எல்லோரும் கூடிப் பங்கு பேசுவர். போரிலே உறுப்பிழந்தவனுக்கு நட்டஈடு உண்டு. மன்னரின் கப்பலிலோ வணிகனின் கப்பலிலோ காணாத சமத்துவம் இது. என் தாயார் கேட்ட பங்கு அங்கே இருந்தது. ஆனால் அந்த நட்டஈடு என்ன? வலக்கை இழந்தவனுக்கு அறுநூறு வெள்ளி நாணயம். அல்லது ஆறு அடிமைகள். ஒரு கண்ணுக்கு நூறு நாணயம். அல்லது ஓர் அடிமை.

இந்த 'அல்லது' என்ற சொல்லிலேதான் நம் கேள்வியின் விடை இருக்கிறது. கப்பலுக்குள் நீதி இருந்தது. பங்கிடுவோரிடையே சமத்துவம் இருந்தது. ஆனால் அந்த ஆறு மனிதர் ஆட்டக்காரரல்லர். ஆட்டத்திலே செலுத்தப்படும் காய்கள். விதிகள் எவ்வளவு நேர்மையாயினும், காயாக்கப்பட்ட மனிதனுக்கு அவ்விதிகளால் ஒரு பயனும் இல்லை.

பாரதக் கதையிலும் இதுதானே நிகழ்ந்தது? தருமனும் சகுனியும் விதிப்படியே ஆடினர். திரௌபதி ஆட வரவில்லை, பணயமாக வைக்கப்பட்டாள். தன்னை முன்னரே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்தாட ஏது உரிமை என்று அவள் சபையிலே கேட்டபோது, நூல் கற்ற பெரியோர் திகைத்தனர். 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதி அடிமை நாட்டையே அவளிடம் கண்டார் என்பர். நான் அதனோடு மற்றொன்றையும் காண்கிறேன். காயாக வைக்கப்பட்டவர் வாய் திறந்த கணமே ஆட்டத்தின் நேர்மை கேள்விக்குள்ளாகிறது.

நம் மலைநாட்டின் வரலாற்றைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை எழுத்தில் நிறுவ முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. பரம்பரையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் கிராமத்தவனிடம் ஏது உறுதி? எங்கள் சிங்கள நண்பரின் முன்னோர் அந்தப் பலகையிலே காய்கள். காடு கோப்பித் தோட்டமாயிற்று. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டபின் மலைகளின் நிறமே மாறியது. தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் முன்னோர், அவர்களும் காய்கள். ஒரு காயினை மற்றொரு காய்க்குப் பகையாக்கி ஆடிய ஆட்டத்திலே இரண்டும் பலகைக்கு மேலே பார்க்கவில்லை.

ஆட்சி நம்மவர் கைக்கு வந்தபின் என்ன நடந்தது? 1947 தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் சென்றார். காய் பேசத் தொடங்கியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலிலே அம்மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் மேசையருகே அமர்ந்தனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு எழுபத்தையாயிரமாகப் பிரித்தனர். பங்கீடு மிகச் சரியாக இருந்தது. அந்த மக்களிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை. தலைமன்னார் நோக்கிக் கோச்சி புறப்பட்டபோது நிலைய மேடைகளில் எழுந்த ஓலத்துக்கு எந்த உடன்படிக்கையிலும் வாசகம் இல்லை. நாடற்றோர் என்ற பெயரை நீக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பெருந்தொகை மக்களை எண்ணாமல் அரசு நடத்த முடியுமா? பாடசாலைகூட நாள்தோறும் மாணவரை எண்ணுகிறதே! உண்மைதான். எண்ணப்படுவது இழிவன்று. எண்ணப்படுபவனுக்கு ஆட்டத்திலே ஒருபோதும் முறை வராதிருப்பதே இழிவு.

பாடசாலையைக் குறிப்பிட்டதால் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவி இருந்தாள். கொழுந்து பறிப்பவரின் மகள். கணிதமும் ஆங்கிலமும் அவளுக்கு வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியது. சித்தியடைந்தோர் விழுக்காட்டிலே அயற் பாடசாலையோடு எங்களுக்குப் போட்டி. "இந்த வருஷம் வேணாம்மா, அடுத்த வருஷம் நல்லாப் படிச்சு எழுது," என்று அவளிடம் கூறியவன் நான். அன்பாகவே கூறினேன். அவள் தலையசைத்தாள். அடுத்த ஆண்டு வரவில்லை. கொழும்பிலே ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அறிந்தேன். எங்கள் விழுக்காடு உயர்ந்தது; பாராட்டும் கிடைத்தது.

எண் குறைந்த சீட்டை நீட்டிவிட்டு என் கப்பலைக் காத்துக்கொண்டேன் என்பது அந்த ஞாயிறன்றுதான் எனக்கு விளங்கியது. என் தாயார் கூடையைச் சுமந்து என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியது, நான் மற்றொரு தாயின் மகளுக்கு அரைப்பேர் போடுவதற்காகவா? துரைமாரையும் பிரதமர்களையும் குறித்து எழுதுவது எளிது. அவர்கள் செய்ததை நம் கையெட்டும் அளவிலே நாமும் செய்கிறோமா என்று பார்ப்பதுதான் கடினம். அதைச் செய்யாத முற்போக்கு வெறும் வேடமாகிவிடும்.

அந்த விளையாட்டை நாங்கள் எறிந்துவிடவில்லை. மாலுமிக்கும் பங்கு உண்டு என்று ஒரு விதியைச் சேர்த்து மறுமுறை ஆடினோம். கணித ஆசிரியர் தாளும் பேனையுமாக உட்கார்ந்து பங்கு பிரித்தார். கணக்கு முடியவேயில்லை, யார் வென்றார் என்றும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் குறையவில்லை. ஆடுவதனாலே எவரும் கெட்டுவிடமாட்டார். ஆடும்போது, இங்கே காயாகக் கிடப்பது யார், அவருக்கு முறை எப்போது வரும் என்று கேட்கும் பழக்கம் வரவேண்டும். அந்தப் பழக்கம் பலகையோடு நின்றுவிடாது.

இவ்வாண்டு பரீட்சை விண்ணப்பங்களை நிரப்பும் பணி வந்தபோது, என் வகுப்பில் ஒருவர் பெயரையும் நான் விடவில்லை. விழுக்காடு இறங்கலாம். பழைய மாணவியின் வீட்டுக்கும் சென்று, வெளிவாரிப் பரீட்சார்த்தியாக அவள் எழுதலாம் என்று தாயாரிடம் கூறிவந்தேன். எழுதுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லவேண்டும். இம்முறை நான் காத்திருக்கிறேன்.