புரியாத அப்பா

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வெளியே தூறல். மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. இரண்டரை வயது மகள் என் முன்னால் வந்து நின்று, "அப்பா, துடை" என்றாள். மூக்கு ஒழுகுகிறதாக்கும் என்று துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். தட்டிவிட்டாள். "துடை இல்ல... துடை!" என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

"அது எங்க இருக்கு?"

"ததவு பின்னாடி."

"அது என்ன பண்ணும்?"

கொஞ்சம் யோசித்தாள். "மழ வந்தா விரியும். தல நனையாது."

குடை! 'க' வராத வயசு.

மனைவி வந்ததும் சொன்னேன். "இதுகூடவா தெரியல? ஒரு வாரமா குடை குடைன்னுதான் சுத்திக்கிட்டிருக்கா" என்று சிரித்தாள். அவளிடம் கேட்டிருந்தால் முதல் 'துடை'யிலேயே குடை கைக்கு வந்திருக்கும். "மழ வந்தா விரியும்" மட்டும் வந்திருக்காது. ஒரு பொருளை அது செய்யும் வேலையை வைத்து விளக்குவதை அதுவரை மகள் வாயில் நான் கேட்டதில்லை.

குழந்தைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்கர் ஜீன் பெர்கோ கிளீசன் 1975இல் அப்பாக்கள் பிள்ளைகளிடம் பேசுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அப்பாக்களும் பிற அந்நியர்களும்'. சுருக்கென்றுதான் இருந்தது. அம்மா மழலைக்குப் பழகிப்போகிறாள். அரைச் சொல்லே அவளுக்குப் போதும். அப்பா அவ்வளவாகப் பழகுவதில்லை. புரியாமல் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். அவருக்கு விளங்கவைக்கப் பிள்ளை படும் பாடுதான், பிற்பாடு வெளியாட்களிடம் பேசுவதற்குப் பாலமாகிறது என்பது கிளீசனின் ஊகம்.

அம்மா வீட்டிலும் அப்பா வேலையிலும் இருந்த காலத்து ஊகம் அது. நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் அப்பாவுக்கும் 'துடை' விளங்கிவிடும். அப்போது எதிர்வீட்டுத் தாத்தா புரியாமல் கேட்பார். மீசைக்கு இதில் தனி மகிமை ஏதுமில்லை.

நம் அப்பாக்கள் கேள்வியே கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. விருந்தாளி வந்துவிட்டால் போதும்: "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு", "இது என்ன கலர்?" விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி. இது பரீட்சை என்று பிள்ளைக்கும் தெரியும். பாதி நேரம் வாயைத் திறக்காது. குடை விஷயத்தில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டரை வயதில் அப்பாவைவிட அதிகம் தெரிந்திருப்பது லேசான சந்தோஷமா?

இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி கொஞ்சம் கம்மிதான். பெரும்பாலான நாள் வீடு வந்து சேர ஒன்பது மணி. ஒரு கை சாப்பாட்டில், இன்னொரு கையில் செல்போன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்னவோ சொல்வாள். "ம்... அப்படியா" என்பேன். அந்த 'ம்' இருக்கிறதே, அதுதான் மோசம். புரிந்ததாக நான் நடித்துவிட்டால், அவள் எதற்கு இன்னொரு வாக்கியம் தேடப் போகிறாள்?

அலுத்துப்போய் வீடு திரும்பும் அப்பாக்களே, உட்காரவைத்துப் பாடமெல்லாம் நடத்த வேண்டாம். பிள்ளை சொல்வது விளங்கவில்லையென்றால் தலையாட்டாதீர்கள். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புரியலடா, இன்னொரு தடவ சொல்லு" என்று கேளுங்கள்.