வேட்டையும் தருமமும்



அன்புக்கொடி மக்களே! கணியம்பாடியை அடுத்த அமிர்திக் காட்டோரத்தில் நிலக்கடலை போட்டவனுக்குத்தான் தெரியும், காட்டுப்பன்றி ஓர் இரவில் செய்யும் சேதம். கடன் வாங்கி விதைத்தவனிடம் உயிர்க்கொலை பாவம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது தருமம் ஆகாது.

அன்று துரைமாரும் ஜமீன்தார்களும் பொழுதுபோக்காக வேட்டையாடினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றது. அதனால் வேட்டை தருமமாகிவிட்டதா?

அய்யாவைச் சிறைவைத்த திருவிதாங்கூர் மன்னன், பட்டினி போட்ட புலியின் முன் அவரை நிறுத்தினான். புலி பணிந்து படுத்தது. அங்கே கொடுமை புலியிடம் இல்லை. அதைப் பசியால் வாட்டி வேடிக்கை பார்க்க நின்றவர்களிடம் இருந்தது. கலியின் குணம் அதுவே. ஆடு, கோழி பலியையும் அய்யா விலக்கினார்.

பயிரைக் காப்பது வேறு. கொன்று பெருமை கொள்வது வேறு. அவுட்டுக்காய் வைத்து வாய் கிழிந்து துடிக்கவிடுவதும், திருட்டு மின்கம்பி கட்டுவதும் காவல் அல்ல. பன்றிக்கு வைத்ததில் மாடும் மனிதனும் மாண்டதுண்டு. சட்டம் அனுமதித்த இடத்திலும் அது மனவருத்தத்தோடு செய்யும் காரியம், கொண்டாட்டம் அல்ல.

பரணில் தனியே கண்விழிப்பவனோடு அயலாரும் முறைவைத்துக் காவல் இருக்கட்டும். பயிர் இழந்தவனுக்குத் தாங்கலில் கூடுவோர் விதை கொடுத்து உதவட்டும். எளியவனை ஊர் தாங்கினால் அவன் கை வெடியைத் தேடாது.

அய்யா துணை.