அவர் வந்தால் நானும் வருகிறேன்!

"அவர் வந்தால் நானும் வருகிறேன்."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டிவிட்டீர்கள்?

மனைவி கணவரைக் கைகாட்டுகிறார். கணவர் "அவளுக்கு முட்டி வலி" என்கிறார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளவா கல்யாணம் செய்துகொண்டீர்கள்?

நங்கநல்லூரில் காலையில் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். 32 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு ஜோடி ஜோடியாக வலம் வருகிறார்கள். பதினொரு சுற்று! அப்போது வலிக்காத முட்டி, சிலம்பக் கம்பைப் பிடி என்றதும் வலிக்குமா?

போதும். அந்தச் சாக்கு மூட்டையை இறக்கி வையுங்கள்.

சிலம்பம் மட்டுமா? களரியைப் பார்க்கக் கேரளத்து வடகரைக்கு வாருங்கள். ராத்திரி சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினால் மறுநாள் காலை வடகரை. பக்கத்தில் புதுப்பணம். அங்கே கடத்தநாடன் களரி சங்கம். 1949-ல் ராகவன் குருக்கள் தொடங்கியது.

ஏன் தொடங்கினார்? சாதியைச் சொல்லி அவருக்குக் களரி கற்றுத்தர மறுத்தார்கள்!

நீங்களாக இருந்தால்? "நமக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று டிவியைப் போட்டிருப்பீர்கள். அவர் ஒரு களரியையே திறந்தார்!

அவரிடம் ஏழு வயதில் வந்து சேர்ந்த சிறுமி மீனாட்சி. நாட்டியத்துக்கு உடம்பு வளையட்டும் என்று அனுப்பிய பிள்ளை. பெரியவளானால் பெண்ணைக் களரியிலிருந்து நிறுத்திவிடுகிற காலம் அது. மீனாட்சி நிற்கவில்லை. பின்னாளில் குருக்களையே மணந்தார். அவர் மறைந்ததும் குருக்களின் இடத்தில் தானே நின்றார்.

2017-ல் பத்மஸ்ரீ. அப்போது வயது எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் வயதில் பாதி இருக்கிற ஆணோடு மோதுகிற மீனாட்சி அம்மாவின் வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பார்த்தீர்கள். கட்டைவிரல் உயர்த்தினீர்கள். அடுத்த வீடியோவுக்குத் தள்ளினீர்கள்.

வெட்கமாக இல்லையா?

அந்தக் களரியின் வருஷம் எப்படி ஓடுகிறது தெரியுமா? ஜூனில் மழை பிடிக்கும், பயிற்சியும் பிடிக்கும். செப்டம்பர் வரை அதே வேலை. வெயிலில் இந்த உழைப்பு உடம்பைக் காய்ச்சிவிடும். மழைக் குளிரில், எண்ணெய் பூசிய உடம்பு இளகிக் கொடுக்கும். மழைக்காலம் தாண்டினால் ஊர் ஊராக மேடை.

பழகிவிட்டு வீட்டில் உட்காருவதில்லை. பழகியதை ஊர் நடுவில் வைக்கிறார்கள்!

மரபான குழிக்களரி 42 அடி நீளம், 21 அடி அகலம். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டியிருப்பார்கள். இறங்கும்போதே குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். உங்கள் பதவி, பென்ஷன், சொந்த ஃபிளாட் எல்லாம் மேலேயே நிற்கும்!

முதலில் மெய்த்தாரி. வெறும் உடற்பயிற்சி. பிறகு கோல்தாரி, கம்பு. அதன் பிறகுதான் அங்கத்தாரி, வாளும் கேடயமும். வெறுங்கைச் சண்டை எப்போது? கடைசியில்! முதல் நாளே புரூஸ் லீ ஆகப் பார்க்கிறவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

நம் சிலம்பமும் அப்படியே. நெற்றி உயரக் கம்பைக் கையில் தருவதற்கு முன்னால் வாத்தியார் காலடி வைக்கச் சொல்வார். முன்னே, பின்னே, திரும்பு. மறுபடி முன்னே. நாற்பத்தெட்டு வயதில் நடக்கக் கற்றுக்கொள்வது அவமானமா? அவமானம்தான். பட்டுக்கொள்ளுங்கள்!

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலேயே சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக ஏறியது. "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்கிறீர்களா? அந்தப் பிள்ளைகளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு மைதானத்து ஓரத்தில் போன் நோண்டுவது யார்?

"நாலு பேர் பார்ப்பார்களே!"

ஆ, வந்தது உண்மைக் காரணம். முட்டி வலி இல்லை. நாலு பேர்!

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. குடியிருப்புச் சங்கத்துப் பொங்கல் விழா, மொட்டை மாடி. நானும் மனைவியும் இரட்டையாகக் கம்பு சுற்றினோம். மூன்றாவது சுற்றில் கை வியர்த்து என் கம்பு நழுவியது. சிமென்ட் தரையில் மூங்கில் விழுந்து, துள்ளி, உருண்டு, தண்ணீர்த் தொட்டி வரை போகும் சத்தம் இருக்கிறதே! அது தீர்வதற்குள் ஒரு ஜென்மம் போய்விடும்.

முன்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த பையன் வாய்விட்டுச் சிரித்தான்.

மனைவி நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டே நகர்ந்து, என் கம்பைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டார். எடுத்தேன். நாலாவது சுற்று.

மறுநாள் லிஃப்டில் அந்தப் பையன் பெயர் வைத்தான். "கம்பு விழுந்த அங்கிள்." வருஷம் முழுக்க அதுதான் என் பெயர். உயிரா போய்விட்டது?

உங்களுக்கும் விழும். ஊர் பார்க்கத்தான் விழும். விழட்டும்!

களரிக்காரர்களிடம் முதலில் பேசுங்கள். "எங்கள் வயதுக்குச் சொல்லித்தருவீர்களா?" என்று கேளுங்கள். ஜூன் ரயிலுக்கு ஏப்ரலிலேயே முன்பதிவு திறந்துவிடும், 60 நாள் கணக்கு. அவ்வளவு தூரம் முடியாதா? நம் பக்கத்து மைதானங்களில் விடியற்காலையில் கம்புச் சத்தம் கேட்கிறது, காதைத் திருப்புங்கள்.

எதுவானாலும் இரண்டு பெயர் எழுதுங்கள். முதலில் யார் பெயர் என்று வீட்டில் சண்டை வருமே?

வரட்டும். சிலம்பத்தின் வணக்கமான சலாம் வரிசை அங்கிருந்தே தொடங்கட்டும்!