அணைந்த விளக்கு

அப்பாவின் பழைய அம்பாசடரை விற்க முடிவெடுத்த வாரம்தான் ஆயில் விளக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றுமில்லை. அவிநாசி ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் மினுக்மினுக்கென்று எரியும்.

புரோக்கர் சிரித்தார். "இதுக்குப் போயி எதுக்குங்க தம்பி இன்ஜினை எறக்கறீங்க? தடிச்ச ஆயிலா மாத்தி ஊத்திருங்க. லைட்டு எரியாதுங்க."

ஊற்றினேன். எரியவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். நடுராத்திரி வரும் அலெர்ட்டுக்குக் காரணம் தேடாமல், வரம்பை மட்டும் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கியவன். ஆகவே இந்த உறுத்தல் பழகியதுதான். இருந்தும், சிங்காநல்லூர்ப் பக்கம் அப்பா வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் விளக்கை நம்பவில்லை. அதன் சுவிட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கேஜை மாட்டினார். ஆயிலைத் தட்டில் வடித்து வெயிலில் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது.

"பம்ப்பு ஆயிலைத் தள்ளத்தானுங்க செய்யும். அது போற வழியில தடை இருந்தாத்தான் பிரஷர்."

கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமுடி நுழையும் இடம்கூட இருக்கக் கூடாது. பேரிங் தேய்ந்தால் அந்த இடைவெளி கூடும். சூட்டில் இளகிய ஆயில் அதன் வழியே சுலபமாக வழிந்துவிடும், முள் இறங்கும். தடித்த ஆயில் மெதுவாக வழிவதால் முள் கொஞ்சம் ஏறி நிற்கும். ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். போதாததற்கு, காலையில் அந்த ஆயில் மேலே ராக்கர் வரை போய்ச்சேரவும் நேரமாகும். விளக்கு திருப்தியாக இருக்கும், இன்ஜின் பட்டினி கிடக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பையன் வண்டி பார்க்க வருவதாக இருந்தது. அவனிடம் நான் ஒரு பொய்யும் சொல்லப்போவதில்லை. அவன் ஓட்டிப் பார்ப்பான், விளக்கு எரியாது, அவனாகவே முடிவெடுப்பான். இதில் என் தப்பு எங்கே?

யோசித்துப் பார்த்தால், இது பொய்யைவிட மோசம். நான் பொய் சொன்னால் அவன் என்னைச் சந்தேகப்படலாம், குறுக்குக்கேள்வி கேட்கலாம். விளக்கைக் கெடுத்து வைத்தால், அவன் சந்தேகப்படுவதற்கான வழியையே எடுத்துவிடுகிறேன். உண்மையை மறைப்பது ஒன்று, ஒருவர் உண்மையைத் தெரிந்துகொள்ளும் கருவியைத் திரிப்பது வேறு.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் பம்ப்பும் கிடையாது, விளக்கும் கிடையாது. அடியில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். குனிந்து திறந்து, ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சிரமம்தான். ஆனால் பார்ப்பவர் ஆயிலையே பார்த்தார். நாம் குனிவதை விளக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். அதனால்தான் விளக்கில் கைவைப்பது இவ்வளவு சுலபமாகவும் இவ்வளவு தப்பாகவும் இருக்கிறது.

சரியான ஆயிலை ஊற்றி, கேஜைக் கழற்றாமலே வண்டியை எடுத்து வந்தேன். பொள்ளாச்சிப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாகும்வரை ஓட்டினேன். முள் இறங்கியது.

"பேரிங் போயிருச்சுங்களா அண்ணா?"

"ஆமாங்க தம்பி."

இன்ஜின் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டுதான் வாங்கினான்.