பயணத் தொழுகை: சலுகை துன்பத்துக்கா, தூரத்துக்கா?

இஸ்லாமியச் சட்டம் பயணிக்குச் சில சலுகைகள் தருகிறது. நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட லுஹர், அஸர், இஷா தொழுகைகளை அவர் இரண்டாகச் சுருக்கித் தொழலாம். இதற்குக் கஸ்ர் என்று பெயர். சுப்ஹும் மஃரிபும் சுருங்குவதில்லை. லுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம் என்பது ஜம்உ. ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பள்ளி இதை எல்லாப் பயணிகளுக்கும் அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹப் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே ஏற்கிறது. ரமலான் நோன்பையும் பயணி பிறகு வைத்துக்கொள்ளலாம். இவை எதற்காகத் தரப்பட்டன? பயணத்தின் துன்பத்துக்காகவா, அல்லது பயணம் என்ற நிலைக்காகவா? துன்பத்துக்காக என்றால் குளிரூட்டிய விமானத்தில் காலை நீட்டி உட்கார்ந்து போகிறவருக்குச் சலுகை எதற்கு?

கேள்வி விமானத்தோடு பிறந்ததல்ல. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் 101-ஆம் வசனம் தொழுகையைச் சுருக்க அனுமதிக்கும்போதே எதிரிகளைப் பற்றிய அச்சத்தையும் சேர்த்துப் பேசுகிறது. அச்சம் நீங்கிய பிறகும் மக்கள் ஏன் சுருக்கித் தொழுகிறார்கள் என்று யஃலா இப்னு உமைய்யா நபித்தோழர் உமரிடம் கேட்டார். எனக்கும் அதே வியப்பு வந்தது, நபியிடமே கேட்டேன், அது இறைவன் உங்களுக்கு அளித்த தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது என்றார் உமர். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள இந்தச் செய்தியை வைத்தே பின்வந்த சட்ட அறிஞர்கள் வழி அமைத்தார்கள். கொடுக்கப்பட்ட சூழல் மாறிய பின்னும் கொடை திரும்பப் பெறப்படவில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

இதை உரசிப் பார்க்க லட்சத்தீவுப் பயணம் நல்ல உரைகல். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 64,473 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள், ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். 1988-ல் திறக்கப்பட்ட அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,200 மீட்டர் அளவே; கொச்சியிலிருந்து சுமார் 460 கி.மீ. பறந்து வரும் ஏடிஆர் விமானம் ஒன்றரை மணி நேரத்தில் அதில் இறங்கிவிடும். அங்கிருந்து தலைநகரான கவரத்திக்குப் படகு. தூரம் ஐம்பது கி.மீ. சொச்சம்தான். பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் காயலில் தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும். திட்டின் வாய் தாண்டியதும் நீலம் கறுத்து அலை எழும்ப, படகின் மூக்கு தூக்கித் தூக்கிப் போடும். சற்று முன்வரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் பையைத் தேடுவார்கள். துன்பம் எல்லாம் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் சட்டம் வேறுமாதிரி கணக்குப் போடுகிறது. ஷாஃபி மத்ஹபில் கஸ்ருக்குக் குறைந்த தூரம் இரண்டு மர்ஹலா, அதாவது சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாள் நடக்கும் வழி. கி.மீ.யில் மாற்றும்போது எண்பது சொச்சம் என்றும் அதைவிட அதிகம் என்றும் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். ஹனஃபிகளின் அளவு மூன்று நாள் வழி. இந்திய ஹனஃபி அறிஞர்கள் பலர் அதை 48 மைலாக, ஏறத்தாழ 77 கி.மீ. ஆகக் கொள்கிறார்கள். எந்த அளவுகோலை வைத்தாலும் கொச்சி-அகத்தி வழி தேறிவிடும். அகத்தி-கவரத்தி வழி தேறாது. விளைவு விசித்திரமானது. ஒரே படகில் பக்கத்துப் பக்கத்தில் இருவர். கொச்சியிலிருந்து கவரத்தி என்று புறப்பட்டு வந்தவருக்கு விமானமும் படகும் சேர்ந்து ஒரே பயணம்; அவர் இரண்டு ரக்அத் தொழலாம். அகத்தியில் வீடு உள்ளவர், குடல் வாய்க்கு வருமளவு வாந்தி எடுத்திருந்தாலும், நான்கு தொழ வேண்டும்.

இது சட்ட நூல்கள் எதிர்பாராத ஓட்டை அல்ல. 1277-ல் மறைந்த இமாம் நவவி, ஷாஃபி மத்ஹபின் அடிப்படைக் கையேடான ‘மின்ஹாஜ்’ நூலில், கடலும் தரையைப் போன்றதே, அந்தத் தூரத்தைக் கடலில் ஒரு மணிப் பொழுதில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்று தெளிவாகவே எழுதிவைத்தார். பாய்மரத்தையும் நல்ல காற்றையும் மனத்தில் வைத்து எழுதியது, எழுநூறு ஆண்டு கழித்து விமானத்துக்கும் அப்படியே பொருந்தியது. ஹனஃபிகள் கடலுக்குத் தனி அளவு வைத்தார்கள்: மிதமான காற்றில் மூன்று நாளில் பாய்மரம் செல்லும் தூரம். வழியின் இயல்பைக் கணக்கில் எடுத்த அந்த அளவுகோலே காலத்தோடு மங்கிப்போய், இயல்பைப் பாராத ஷாஃபி அளவு அலுங்காமல் நின்றது கவனிக்கத்தக்கது.

இதன் பின்னுள்ள தர்க்கம் எளிது. சட்டத்தின் நோக்கம் வேறு, சட்டத்தைத் தூண்டும் காரணி வேறு. சிரமத்தைக் குறைப்பது நோக்கம். சிரமமோ அளக்க முடியாதது. ஆளுக்கு ஆள் மாறுவது. அவரவர் மனம் தனக்குச் சாதகமாகக் கூட்டிச் சொல்லக்கூடியது. ஆகவே சிரமம் வழக்கமாக இருக்கும் இடமான பயணத்தைக் காரணியாக்கி, சிரமத்தை விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள். சொகுசாகப் போகும் அரசனுக்கும் சலுகை உண்டு, ஊருக்குள் நாளெல்லாம் மூட்டை சுமக்கும் கூலிக்கு அது இல்லை என்பது சட்டக் கோட்பாட்டு நூல்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. கேட்பதற்கு இது அநீதியாகவே தோன்றும். ஒவ்வொரு தொழுகைக்கும் முன் நான் போதுமான அளவு களைத்திருக்கிறேனா என்று தன்னையே விசாரித்துக்கொள்ளும் வழிபாடு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அறிஞர்களின் எச்சரிக்கை புரியும்.

அப்படியானால் அகத்திக்காரரின் குமட்டலுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் வாசல் வேறு. கடமையான தொழுகையை நின்று தொழ வேண்டும் என்பது பொதுவிதி. கப்பலில் தலை சுற்றினாலோ விழுந்து மூழ்கும் பயம் இருந்தாலோ உட்கார்ந்து தொழலாம் என்று ஷாஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. இங்கே தூரம் கேட்கப்படுவதில்லை; அந்த ஆளின் தலைசுற்றல்தான் கேட்கப்படுகிறது. ஆக, ரக்அத்தின் எண்ணிக்கையைத் தூரம் தீர்மானிக்கிறது, தொழும் நிலையை உடல் தீர்மானிக்கிறது. இந்த இடத்தில் இமாம் அபூ ஹனீஃபா ஒரு படி மேலே போனார். ஓடும் கப்பலில் தலைசுற்றல் வழக்கம் என்பதால், சுற்றாதவரும் உட்கார்ந்து தொழலாம் என்றார். கஸ்ரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட தர்க்கத்தை அவர் இதற்கும் நீட்டினார். அவருடைய முதன்மை மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் இதை ஏற்கவில்லை.

நோன்பு விஷயத்தில் இந்த இரண்டு வாசல்களும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. ஊரில் இருக்கும்போதே விடிந்து, நோன்போடு பகலில் பயணம் புறப்பட்டவர், பயணத்தைக் காரணம் காட்டி அன்றைய நோன்பை விட முடியாது என்பது ஷாஃபி மத்ஹபின் தீர்ப்பு. அதே நாளில் நோய் வந்தால் விடலாம். கொச்சியில் ஸஹர் உணவு உண்டு, விடிந்தபின் விமானம் ஏறியவர் அகத்தி வரை நோன்பாளிதான். அங்கிருந்து படகில் ஏறி, தாங்க முடியாத அளவுக்கு உடல் கெட்டால் அவர் நோன்பை முறிக்கலாம். அது நோயாளி என்ற முறையில்.

விமானம் எழுப்பும் கேள்விகள் வேறு வகை. தொழுகிறவரின் நெற்றி படும் இடம் நிலத்தோடு தொடர்புடையதா? கப்பல் நீரில் மிதக்கிறது, நீர் நிலத்தின் மேல் நிற்கிறது. விமானத்துக்குக் கீழே காற்றுதானே என்று தயங்கிய அறிஞர்களும் இருந்தார்கள். இன்று பெரும்பாலோர் விமானத்தைக் கப்பலோடு ஒப்பிட்டு அனுமதிக்கிறார்கள். திசையைப் பொறுத்தவரை இந்த வழி சற்று அதிர்ஷ்டமானது. கேரளக் கரையில் கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கும் மக்காவின் திசை, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 டிகிரி. அகத்திக்குப் போகும் விமானமும் மேற்கே சற்று வடக்காகவே பறக்கிறது. முன்னோக்கி உட்கார்ந்தாலே கிப்லாவின் பக்கம் முகம் இருக்கும். திரும்பும்போது முதுகு இருக்கும். நேரமும் சிறிது நீளும். கொச்சிக்கும் அகத்திக்கும் தீர்க்கரேகையில் நான்கு டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு. சூரியன் அங்கே ஏறத்தாழ 17 நிமிடம் தாமதமாக மறைகிறது. மாலை விமானத்தில் வரும் நோன்பாளி கொச்சி நேரத்தைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் போட முடியாது. சன்னலுக்கு வெளியே சூரியன் தெரிகிறவரை அவருக்கு மஃரிப் இல்லை. நடைமுறையில் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தொழுகைச் சிக்கல்களை ஜம்உ தீர்த்துவிடுகிறது. லுஹரைத் தள்ளிவைத்து அஸர் வேளையில் சேர்க்கிறேன் என்று லுஹரின் நேரத்துக்குள்ளேயே நிய்யத் (தீர்மானம்) வைத்துக்கொண்டால், இரண்டையும் தரையில் இறங்கித் தொழலாம்.

தூரக் கணக்கையே ஏற்காதவர்களும் உண்டு. 1064-ல் மறைந்த இப்னு ஹஸ்ம் ஒரு மைலே போதும் என்றார். 1328-ல் மறைந்த இப்னு தைமிய்யா, குர்ஆனும் நபிவழியும் மைல் கணக்கு எதையும் விதிக்கவில்லை, மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்று வாதிட்டார். அவர் கருத்துப்படி பார்த்தால் அகத்தியிலிருந்து கவரத்தி போவது பயணம் ஆகலாம். மூட்டை கட்டி, படகு எப்போது என்று விசாரித்து, கடலைக் கடந்து வேறு தீவில் இறங்குவதை யார்தான் உலாவல் என்பார்கள்? தரையில் வகுத்த அளவு கடலில் தடுமாறும் இடம் இது. இங்கே இப்னு தைமிய்யாவின் வாதமே வலுவாக நிற்கிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு. வழக்கு ஊருக்கு ஊர் மாறும். படகு வேகமாகி நேரம் குறைந்தால் நேற்றைய பயணம் இன்று உலாவல் ஆகிவிடும். நவவியின் விதி வேகத்தால் அசைவதில்லை.

துன்பத்தைத் தேடிப் போவது புண்ணியமா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. கொச்சியிலிருந்து கப்பலில் போனால் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. உழைப்பின் அளவுக்குக் கூலி என்ற கருத்தில் நபி ஆயிஷாவிடம் சொன்ன செய்தியைக் காட்டி, கடினமான வழியே மேல் என்பவர்கள் உண்டு. 1388-ல் மறைந்த கிரனாடாவின் ஷாத்திபி இதற்கு வரம்பு கட்டினார்: கடமையைச் செய்யும் வழியில் தானாக வரும் துன்பத்துக்குக் கூலி உண்டு, கூலிக்காகத் துன்பத்தையே குறிவைக்கக் கூடாது. அப்படியென்றால் விமான டிக்கெட் கிடைக்கும்போது புண்ணியம் கருதிக் கப்பலில் ஏறுவதில் பொருளில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள், உள்நாட்டில் பெரும்பாலோர் ஹனஃபிகள் என்பதால், காயல்பட்டினத்துக்காரரும் வாணியம்பாடிக்காரரும் சேர்ந்து கவரத்தி போனால் வேறுபாடு ஒரே அறையில் தெரியும். ஹனஃபிக்குக் கஸ்ர் கட்டாயம். ஷாஃபிக்கு அது விருப்பம். பள்ளிவாசலில் உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் இருவரும் நான்கே தொழ வேண்டும். தீவில் முழுதாக நான்கு நாள் தங்குவது என்று ஷாஃபி முடிவு செய்து வந்திருந்தால், வந்த நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேராது, இறங்கியதுமே அவருடைய சலுகை முடிகிறது. ஹனஃபிக்கு அந்த வரம்பு பதினைந்து நாள்.

தென்மேற்குப் பருவக்காற்றில் படகு நின்றுபோய், நாளை போகும், நாளை மறுநாள் போகும் என்று காத்திருப்பவரின் நிலை தனி. எந்த நேரமும் கிளம்பலாம் என்ற எதிர்பார்ப்பில் இருக்கும்வரை ஷாஃபி பதினெட்டு நாள் சுருக்கித் தொழலாம். மக்கா வெற்றியின்போது நபி அங்கே தங்கிய நாள்களை வைத்து வந்த கணக்கு இது. ஹனஃபிக்கு இந்த எல்லை கிடையாது. அஸர்பைஜானில் பனியில் சிக்கிய, உமரின் மகன் இப்னு உமர் ஆறு மாதம் சுருக்கித் தொழுதார் என்ற செய்தி அவர்களுக்குத் துணை. பத்தொன்பதாம் நாளிலிருந்து காயல்பட்டினத்துக்காரர் நான்கும், பக்கத்தில் வாணியம்பாடிக்காரர் இரண்டும் தொழுவார்கள், படகு வரும்வரை.