விரதமும் வெந்நீரும்

தை மாதத்து விடியற்காலையில், ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையாதிருந்த வேளையில், தைப்பூசத்திற்காக ஒரு மண்டல விரதம் பூண்டிருந்த என் தாயார், குளியலறை வாசலில் தோளில் துண்டுடன் நின்றுகொண்டு என்னைக் கேட்ட கேள்வி பார்வைக்குச் சிறியதுதான். ஆயினும் அது இன்றுவரை என் சிந்தையை விட்டு அகலவில்லை. "ஏன்யா, விரதத்துக்கு இந்த ஹீட்டர் தண்ணி ஆகுமா?" என்றார் அவர். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் சரீரம். குளிர்ந்த நீர் பட்டால் நெஞ்சில் சளி கட்டுகிறது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். "ஆகும் அம்மா" என்று நான் உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விடை அவருடைய கேள்வியின் ஆழத்திற்கு இறங்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அவர் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே எங்களைப் பெற்று வளர்த்தவர். வெயில் ஏறுவதற்கு முன் பால் நன்றாக ஓடும் என்பதனால் தோட்டத்து வாழ்க்கை இருட்டிலேயே தொடங்கும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, மணி அடிக்கும் முன் எழுந்து, லயத்துக் கோடியிலிருந்த பொதுக் குழாயில் முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை நான்கு குவளை மொண்டு ஊற்றிக்கொண்டு, உளியும் வாளியுமாகப் புறப்பட்டுவிடுவார். வெந்நீர் என்பது அங்கே மூன்று வேளைகளுக்கு மட்டுமே உரிய பொருள்: பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவதற்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குத் தலைக்கு ஊற்றுவதற்கு, தீபாவளி விடியலில் வீட்டார் எல்லோருக்கும். பட்டுப்போன ரப்பர் மரத்து விறகை மூட்டி, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எங்களுக்கெல்லாம் ஊற்றிய பிறகு, மிஞ்சிய வெதுவெதுப்பில் அவர் குளிப்பார். மிஞ்சாவிட்டால் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்.

இத்தனைக்கும் மின்சாரம் அந்தப் பிரதேசத்திற்குப் புதியதன்று. 1926ஆம் ஆண்டில் தோன்றிய பேராக் நதி நீர்மின் கம்பெனி, கோலகங்சாருக்கு வடக்கே செண்டிரோவில் ஆற்றை மறித்து, 1930ஆம் ஆண்டிலேயே கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிவிட்டது. வெள்ளீயம் தோண்டும் இயந்திரங்கள் இராப்பகலாக அதனால் இயங்கிக்கொண்டிருக்க, அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. பிற்காலத்தில் தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தபொழுதுதான், நாங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்து, குளியலறைச் சுவரில் ஹீட்டர் என்னும் வெள்ளைப் பெட்டி ஒன்று மாட்டப்பட்டிருந்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஆகவே, தாயாருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வி மறைந்திருந்தது. வாழ்நாளெல்லாம் குளிர்ந்த நீரில் குளித்தோமே, அது தவந்தானா? அல்லது வேறு வழியில்லாத வறுமையா? தவம் என்பது தானாக விரும்பி ஏற்பது. நிர்ப்பந்தத்தினால் வந்த கஷ்டத்திற்குப் பின்னாளில் தவம் என்று பெயர் சூட்டுவது, அந்தக் கஷ்டத்தைச் சுமத்தியவர்களுக்கே சௌகரியமான காரியமாக முடியும். குழாயடியில் நடுங்கிய தொழிலாளியின் குளிர், கங்கைக் கரையில் நடுங்கும் சந்நியாசியின் குளிரைப்போன்றதேயாயினும், ஒன்றில் சங்கற்பம் இருக்கிறது, மற்றொன்றில் அது இல்லை. ஆனால் டின்னில் இருந்த வெந்நீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டுத் தான் பச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டாரே, அங்கே சங்கற்பம் இருந்தது. தவமென்று சொல்லத்தக்கது அதுதான். அதன் மகிமை தண்ணீரின் குளிர்ச்சியைச் சார்ந்ததன்று.

நம்முடைய மரபு வெந்நீரை முற்றாக ஒதுக்கியதில்லை. தீபாவளி விடியலில் எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் வாசம் செய்வதாக நம்பி, "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிற சமூகம் நம்முடையது. அடுப்பிலே காய்ந்த நீருக்குள் கங்கை வரக்கூடுமானால், மின்சாரத்தால் காய்ந்த நீருக்குள் வர அவளுக்கு என்ன தடை? ஈப்போவுக்குக் கிழக்கே தம்புனில், குன்றின் அடிவாரத்தில் பூமியே வெந்நீரைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதை நாம் தீட்டு என்று தள்ளுவதில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயமோ, சாஸ்திரம் விதிக்காத கோரமான தவத்தினால் சரீரத்தை வதைப்பவர்கள், அதனுள்ளே உறையும் இறைவனையும் சேர்த்தே வதைக்கிறார்கள் என்று எச்சரிக்கிறது. அதே அத்தியாயம் சரீரத்தால் செய்யும் தவத்தை விவரிக்குமிடத்தில், தூய்மையையும் அஹிம்சையையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்கிறது. வள்ளுவரும் தவத்திற்கு இரண்டே அங்கங்களைக் கண்டார்: தனக்கு வரும் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளுதல் ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் நேராமல் நடந்துகொள்ளுதல் மற்றொன்று. முதல் அங்கத்தை நாம் பாராட்டிக் கொண்டாடுகிறோம். அலகு குத்துவதும் காவடி எடுப்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டாவது அங்கம் ஓசையின்றி நடப்பதனால், அதைத் தவத்தின் கணக்கில் சேர்க்கவே பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். எனக்கு அதை நினைவூட்டியது குளியலறைச் சுவர்.

அந்த வாரத்தில் எங்கள் ஹீட்டர் ஒரு விநோதமான குணத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. குளிக்கத் தொடங்கிச் சில நிமிஷங்களில் வீடு முழுவதும் விளக்கு அணைந்துவிடும். மெயின் பெட்டியில் இருக்கும் ஈ.எல்.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்திருக்கும். நானும் ஒவ்வொரு முறையும் போய் அதைத் தூக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் முறை, நான்காம் முறை கூடத் தூக்கிவிட்டேன் என்பதை இன்று எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது. பிறகுதான் புந்தோங்கிலிருந்து, லைசென்ஸ் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தேன். அவருடைய தாத்தாவும் பால்மரம் வெட்டியவராம். இளைஞர் முதலில் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, சோதனைக் கருவியால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மூடியைத் திறந்தார். உள்ளே பச்சையும் மஞ்சளுமான ஒரு வயர், இரண்டு அங்குல நீளத்தில் கத்தரிக்கப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றப்பட்டு, ஓரமாக மடித்துவைக்கப்பட்டிருந்தது. முன்பு மாட்டியவர் எவரோ, எர்த் வயரை இணைக்கும் சிரமத்தை மிச்சம் பிடித்திருந்தார்.

அதன் பொருளை அந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆகவே மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்றே தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஈ.எல்.சி.பி. ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஈரத் தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி வேண்டுமென்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் கட்டளையிடுகின்றன. அதாவது பதினைந்தாயிரத்தில் பத்துப் பங்கு வழிதவறினாலே அது விழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஹீட்டரில் சூடேற்றும் சுருளின் உறை விரிசல் விட்டு, மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. எர்த் வயர் இருந்திருந்தால் அந்தக் கசிவு, மனிதர் எவரையும் தீண்டாமல் நேரே மண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அது இல்லாமையால் தண்ணீரும், நனைந்த சுவரும், அங்கே நின்றவரின் சரீரமுமே மண்ணுக்குப் போகும் வழியாகக் காத்திருந்தன. கருவி விழுந்தது தன் பழுதினால் அன்று. அது காப்பாற்றியதற்கு அடையாளம். அதை நான் தொந்தரவு என்று எண்ணித் தூக்கித் தூக்கி விட்டிருக்கிறேன். மனச்சாட்சி எச்சரிக்கும்பொழுதும் மனிதன் இதைத்தானே செய்கிறான். காரணத்தைத் தேடாமல், எச்சரிக்கையை மட்டும் அடக்கிவிடுகிறான்.

புதிய ஹீட்டரை மாட்டும்பொழுது தாயாரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்துவிட்டார். தண்ணீர் உள்ளே வரும் வாயிலிலுள்ள வலையை இளைஞர் கழற்றிக் காட்டினார். கூரைத் தொட்டியின் மண்டி அதில் படிந்திருந்தால் ஓட்டம் குறைந்து ஹீட்டர் எரியவே எரியாதாம், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதுமாம். குழாயை முழுவதும் திறந்தால் சூடு குறையும் என்பதையும் சொன்னார்: நிமிஷத்திற்கு 3 லிட்டர் ஓடினால் சுமார் 17 டிகிரி ஏறும், 2 லிட்டர் ஓடினால் சுமார் 26 டிகிரி ஏறும். பிறகு அந்தப் பச்சை மஞ்சள் வயரை அதற்குரிய திருகில் இறுக்கி, இழுத்துப் பார்த்து, மீண்டும் இறுக்கினார்.

"இந்தக் கம்பியில கரண்டு ஓடுமா தம்பி?" என்று கேட்டார் தாயார்.

"ஓடாது பாட்டி. ஆயுசு முழுக்கச் சும்மாதான் இருக்கும். என்னைக்காவது ஒரு நாள் அதுக்கு வேலை வரும். அன்னைக்கு அது இல்லாம இருக்கக்கூடாது."

மூடியைப் போட்டுவிட்டால் அந்த வயரை எவரும் பார்க்கப் போவதில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் சுடும். பார்ப்பவர் இல்லாத இடத்தில், பலன் உடனே தெரியாத காரியத்தில், முகமறியாத ஒருவரின் உயிரை எண்ணி ஒரு திருகை இரண்டாம் முறை இறுக்கும் அந்தக் கை செய்தது எதுவோ, அதுவே தவத்தின் இரண்டாம் அங்கம். அந்த வயரைக் கத்தரித்து மடித்துவைத்தவரும் ஒருவேளை விரதம் இருப்பவராக, குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவராக இருக்கலாம். தன் துன்பத்தைத் தாங்கத் தெரிந்தும், பிறர் துன்பத்தை எண்ணத் தெரியாத தவம் பாதியிலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சோதனைப் பொத்தானை அழுத்தி, கருவி விழுவதைக் காட்டி, மாதம் ஒரு முறை இப்படி அழுத்திப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இளைஞர் சாமான்களை எடுத்துவைத்தபொழுது, நான் தேநீர் கொண்டுவந்தேன். தாயாரோ அவரைப் பார்த்து, "தம்பி, பக்கத்து வீட்டுலயும் இதே மாதிரிப் பெட்டி, ஒரே ஆளுதான் மாட்டினானாம். அங்க ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. டீயைக் குடிச்சிட்டு அதையும் ஒரு எட்டுத் திறந்து பாத்துருய்யா, காசு நான் தாரேன்" என்றார். திறந்து பார்த்ததில் அங்கேயும் பச்சை மஞ்சள் வயர் கத்தரிக்கப்பட்டிருந்தது. இருட்டுவதற்கு முன் அது இணைக்கப்பட்டது.

மறுநாள் விடியலில் தாயார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் குளித்து, திருநீறு தரித்து, விளக்கேற்றினார். தைப்பூசத்தன்று மட்டும் ஒரு குவளை பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அதை அவரே விரும்பி ஏற்றார்.