மெஸ்ஸிக்கு பார்சிலோனா என்ன கடன்பட்டிருந்தது?

2021 ஆகஸ்ட் 8. பார்சிலோனா மைதானத்து அரங்கில் மைக் முன்னால் வந்து நின்ற மெஸ்ஸி, பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதுவிட்டார். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்து டிஷ்யூ கொடுத்தார். அந்தக் காணொலியைப் பார்த்த பலருக்கும் தோன்றியது ஒன்றுதான்: ‘இந்த ஆளையே வச்சுக்க முடியலன்னா அப்புறம் என்ன கிளப்?’

நியாயமான கோபம். 2000இல், 13 வயதில் வந்த பையன். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கான சிகிச்சைச் செலவை கிளப் ஏற்றுக்கொண்டது. முதல் உறுதிமொழியை ஒரு காகித நாப்கினில் எழுதிக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் கொடுத்தது 672 கோல்கள். சிகிச்சைக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கடன்பட்டது கிளப்தான்.

ஆனால் அந்தக் கடனை யார் காசில் அடைப்பது? பார்சிலோனாவுக்கு முதலாளி கிடையாது, சந்தா கட்டும் உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். 2017இல் நெய்மாரை 222 மில்லியன் யூரோவுக்கு விட்டுக்கொடுத்த பிறகு டெம்பெலே, கூட்டினியோ, கிரீஸ்மான் என்று ஆளுக்கு 100 மில்லியனுக்கு மேல் கொட்டி வாங்கினார்கள். கொரோனா வந்தபோது சம்பளச் செலவு வருமானத்தையே தாண்டி நின்றது. மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தும் லா லிகாவின் உச்சவரம்புக்குள் அவரை அடக்க முடியவில்லை. அவர் போன பிறகும், பிக்கே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் புதிதாக வந்தவர்களைப் பதிவு செய்ய முடிந்தது. நன்றி என்று நாம் கேட்பது பல நேரம் இன்னொருத்தர் பாக்கெட்டிலிருந்து போகிறது.

அப்போ அனுப்பியது சரியா? அனுப்பியது தப்பில்லை என்றே நினைக்கிறேன். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2020இல் மெஸ்ஸி போகிறேன் என்றார். ஒப்பந்த ஷரத்தைக் காட்டி நிறுத்தினார்கள். 2021இல் இருக்கிறேன் என்றார். முடியாது என்றார்கள். நடுவில் ஒரு தலைவர் தேர்தல் வேறு. மெஸ்ஸியைத் தக்கவைக்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துத்தான் லபோர்த்தா ஜெயித்தார். கையெழுத்துப் போடலாம் என்று விடுமுறையிலிருந்து திரும்பி வந்த மனிதருக்குக் கிடைத்தது கதவடைப்பு.

நன்றி என்பது இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம் அல்ல. உண்மையை நேரத்தோடு சொல்வதுதான் ஒரு கிளப் காட்டக்கூடிய நன்றி. இதுதான் கடைசி என்று தெரிந்தே ஒரு ஆட்டம் ஆட அவருக்கு அவகாசம் கிடைத்திருக்கும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லும் தைரியம் மட்டும் போதும். ரசிகர்களான நாமும் அதைக் கேட்கத் தயாராக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தக்கவைப்போம் என்றவருக்குத்தானே ஓட்டு விழுந்தது?

2023 ஏப்ரலில் லமீன் யமால் என்ற 15 வயதுப் பையன் அதே சட்டையில் களமிறங்கினான். அவனுக்கும் ஒருநாள் 34 வயதாகும். ‘உன்னை எப்பவும் வச்சுக்குவோம்’ என்று அவனுக்கு இப்போது வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவது கஷ்டம். ‘போக வேண்டிய நாள் வந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்லுவோம்’ என்ற வாக்கைக் காப்பாற்ற முடியும்.